துலக்கிய காசும் தரத்தின் கணக்கும்

பழங்காசு ஒன்று கைக்கு வந்த மாத்திரத்தில் அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்று எழுகின்ற ஆசையை, சேகரிப்பில் இறங்குகின்றவர் யாராயினும் முதற்கண் அடக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஏனெனில், அழுக்கைப் போக்குகிறோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் வேளையில் காசின் உலோகமும் கூடவே போய்க்கொண்டிருக்கிறது, அவ்வாறு போன உலோகத்தை மீண்டும் அதன்மேல் ஏற்றிவைக்கும் வித்தையை எந்தச் சாஸ்திரமும் இதுவரை கண்டதில்லை. காசின் தரம் அதன் தேய்மானத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. தேய்மானம் பல கைகள் பட்டுப் பல ஆண்டுகளில் இயல்பாக நேர்வது; துலக்கம் ஒரே கையால் ஒரு நாழிகைக்குள் நேர்வது. முன்னதை நாணயவுலகம் பொறுத்துக்கொள்கிறது, பின்னதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

மூணாற்றுக்கு அருகே, 1940-இல் பள்ளிவாசல் மின் நிலையம் இயங்கத் தொடங்கிய மலைச்சரிவில் அமைந்த சித்திரபுரத்தையும், அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் வழியாக மலையேறி வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில், இரண்டு அரசாங்கங்களின் நாணயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் பிரதேசம் இது. ஒருபுறம், சங்கு முத்திரையிட்ட திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்துக் காசும் சக்கரமும் பணமும், நாணய அட்டவணைகள் ‘அரைச் சித்திரா ரூபாய்’ என்று குறிக்கின்ற சித்திரைத் திருநாள் மகாராஜாவின் வெள்ளி அரை ரூபாயும். மறுபுறம், விக்டோரியா ராணி தொடங்கி ஆறாம் ஜார்ஜ் வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது சமஸ்தானத்துக் கணக்கு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கோ 28½ சக்கரம் கொடுக்க வேண்டியிருந்தது. சமஸ்தான நாணயங்களில் உள்ள ஆண்டு கொல்லம் ஆண்டு. அதனுடன் 824 அல்லது 825 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். 1114 என்றிருந்தால் அது 1938-39. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தபின் சங்கு நாணயங்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. செல்லாக் காசு என்று ஒதுக்கப்பட்டவை குழந்தைகளின் கைக்கும், சாமி அறை உண்டியலுக்கும், காசுமாலைக்கும் போய்ச் சேர்ந்தன.

வீடுகளில் பழங்காசு துலக்கப்படுவதற்குக் காரணம் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். நெடுங்கால நற்பழக்கம் ஒன்று தனக்குப் பொருந்தாத இடத்தில் வந்து புகுந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம். கார்த்திகைக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் புளி, சாம்பல், செங்கற்பொடி கொண்டு துலக்கி வைப்பது நம் குடும்பங்களில் ஒரு தர்மமாகவே கருதப்படுவது. ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் பிடித்த களிம்பை உவமையாகச் சொல்லும் சைவ சித்தாந்த மரபில் வளர்ந்தவருக்கு, களிம்பேறிய காசைக் களிம்போடு அப்படியே வைத்திரு என்று சொல்வது சற்று விபரீதமாகவும் தோன்றக்கூடும். ஆனால் விளக்குக்குத் தடிப்பு உண்டு. ஆண்டுக்கு இருமுறை தேய்த்தாலும் அது தலைமுறைகள் தாங்கும். காசின் மதிப்போ அதன் மேற்பரப்பிலேயே அடங்கியிருக்கிறது. திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம் எடைகூட இல்லாதது; கையால் எண்ண இயலாமல், வரிசை வரிசையாகக் குழியிட்ட சக்கரப் பலகையின்மேல் அள்ளிப் போட்டு அசைத்து, குழிக்கொன்றாக விழச்செய்து கணக்கிட்டார்கள். அத்தனை நுண்ணிய காசிலும், கோழிக்கோட்டு வீரராயன் பணம்போன்ற பொடிப் பொன் பணங்களிலும், ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே எழுத்தின் பாதி உயரம் குறைந்துபோகும்.

மேற்பரப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர், அக்கசாலையில் நாணயம் பிறக்கும் கணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வட்டத் தகட்டின்மேல் அச்சு பெரும் விசையோடு இறங்கும்போது, உலோகம் இளகியதுபோல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. அவ்வோட்டத்தின் தடங்கள், வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத மெல்லிய ஆரக் கோடுகளாகக் காசின் வெளிப் பரப்பெங்கும் பதிந்துவிடுகின்றன. புழக்கத்துக்குப் போகாத வெள்ளி ரூபாயை ஒற்றை விளக்கின் கீழ்ச் சாய்த்துத் திருப்பினால், ஒளிப்பட்டைகள் வண்டிச் சக்கரத்து ஆரங்களாக முகத்தின்மேல் சுற்றி வருவது இக்கோடுகளாலேயே. சேகரிப்பாளர் ‘லஸ்டர்’ என்று சொல்வது இதைத்தான். மெருகேற்றிய காசின் பளபளப்பு வேறு வகை: அது எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே நிலையாக மின்னும், அதில் ஒளி சுற்றிவராது. பிறவியிலேயே அமைந்த லஸ்டர் ஒருமுறை அழிந்தால் அழிந்ததுதான். சாம்பலிலும் செங்கற்பொடியிலும் மணற்சத்து உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலிலுள்ள படிகக்கல் 7, வெள்ளியும் செம்பும் 3 அல்லது அதற்கும் கீழே. பற்பொடி, பற்பசை, சமையற்சோடா ஆகியவற்றை மென்மையானவை என்று எண்ணி விரலால் தேய்ப்பவர்கள் உண்டு. லென்ஸின் கீழ்ப் பார்த்தால் அவையும் மயிரிழைக் கீறல்களை வாரி இறைத்திருக்கக் காணலாம்.

வெள்ளியின் ஸ்வபாவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காற்றிலும் அடுப்புப் புகையிலும் மிகச் சொற்பமாகக் கலந்துள்ள கந்தக வாயு, வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய ஏட்டை உண்டாக்குகிறது. ஏடு தடிக்கத் தடிக்க, பொன்மஞ்சள், செந்நிறம், நீலம், சாம்பல் என்று நிறம் மாறி இறுதியில் கறுக்கிறது. சமமாகவும் மெதுவாகவும் படிந்த இந்த நிறத்தைத் தேர்ந்த சேகரிப்பாளர் விரும்பி, அதற்கென்றே மிகுந்த விலையும் கொடுப்பார். நகைக்கடைகளில் கிடைக்கும் ‘சில்வர் டிப்’ என்ற திரவம் தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்தது. அதில் முக்கிய மாத்திரத்தில் கறுப்பு மறைவது பிரத்தியட்சம். ஆனால் அந்தக் கறுப்பில் ஒரு பகுதி காசின் சொந்த வெள்ளியேயாதலால், ஒவ்வொரு முழுக்கிலும் ஆரக் கோடுகளின் முகடுகள் கரைந்து, இரண்டு மூன்று முழுக்குகளுக்குப் பின் காசு உயிரற்ற சாம்பல் வெண்மையை அடைகிறது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் கொண்டு செய்யும் வீட்டு முறை, சல்பைடை மீண்டும் வெள்ளியாக மாற்றுகிறது என்பது உண்மைதான்; அவ்வாறு மீண்ட வெள்ளி பழைய ஒழுங்கில் படியாமல் நுண்துளையுள்ள மங்கற் பொருக்காகப் படிகிறது என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

துலக்கிய அரைச் சித்திரா ரூபாய் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கையில் வாங்கியவுடன் தும்பைப்பூ வெண்மை கண்ணைக் கவரும். ஆனால் சங்கின் வளைவு முகட்டைப் பாருங்கள்: பல்லாண்டுப் புழக்கத்தில் அது வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. இத்தனை தேய்ந்த காசு இத்தனை வெளுப்பாக இருக்க நியாயமில்லை. இப்போது பத்து மடங்கு லென்ஸை எடுத்து, எழுத்துகளின் காற்புறத்தையும் சங்கின் உட்சுழியையும் நோக்குங்கள். துணியோ விரலோ புகாத அந்த மூலைகளில் பழைய கறுப்பு இன்னும் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை ஒட்டிய வெளியோ, அதாவது உருவும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்போ, வெறிச்சென்று வெளுத்திருக்கிறது. காசைச் சிறிது சாய்த்ததும், வெளியெங்கும் ஒரே திசையில் ஓடுகின்ற மெல்லிய கீறல்கள் விளக்கொளியில் எழுந்து நிற்கின்றன. விரலால் வட்டமாகத் தேய்த்திருந்தால் அவை சுழி சுழியாக இருக்கும். சட்டைப்பையிலும் கல்லாப்பெட்டியிலும் படுகின்ற கீறல்கள் இவ்வாறு ஒழுங்குபட ஓடுவதில்லை. அவை திசைக்கொன்றாக, ஆழத்துக்கொன்றாக, மேட்டிலேயே அதிகமாக இருக்கும். பள்ளமான வெளியிலும் கீறல் இருந்தால், அது மனிதன் வேண்டுமென்று செய்த காரியம் என்று தீர்மானிக்கலாம்.

ஆறாம் ஜார்ஜின் ரூபாய்களைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. 1939 வரையில் ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. யுத்தகால நெருக்கடியில் 1940 முதல் அது பாதியாகக் குறைக்கப்பட்டு, 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம் என்ற கலவையாயிற்று. இத்தகைய கலவைக் காசில் நாம் காண்கின்ற வெண்மை, பெரும்பாலும் மேலேயுள்ள மிக மெல்லிய வெள்ளி மிகுந்த படலத்தின் வெண்மையே. அதைத் தேய்த்தவுடன் அடியிலுள்ள செம்பின் சாயல் முகட்டில் எட்டிப் பார்க்கும். போலிக் காசு என்று பிறர் சந்தேகிப்பதற்கும் அது இடம் கொடுத்துவிடும். தோட்டத்துக் குடும்பங்களில் அதிகமாகக் கிடைப்பவை இந்த 1940-45 ரூபாய்களே என்பதால், இவற்றை ஈரத் துணியால்கூடத் தேய்க்கவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

செம்பின் விஷயம் இதைவிட நுட்பமானது. அச்சிலிருந்து வந்த செம்புக் காசு செந்தழல் நிறமாக இருக்கும். காற்றுப் பட்டு, செம்பழுப்பாகி, பின் முழுப் பழுப்பாகும். தரம் குறிப்போர் செம்மை, செம்பழுப்பு, பழுப்பு என்று இந்த மூன்றையும் தனியாகவே எழுதி வைக்கிறார்கள். அம்மூன்றும் இயற்கையானவை, மூன்றும் ஏற்கத் தக்கவை. பழுப்புப் படலம் காசுக்கு ஒரு கவசம். உள்ளே உள்ள உலோகத்தை மேலும் அரிக்கப்படாமல் காப்பது அதுவே. புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அந்தக் கவசத்தைக் கரைத்துவிட்டு, அச்சுச் செம்மையோடு எவ்வகையிலும் ஒவ்வாத ஒருவித ரோஸ் நிறத்தை விட்டுச் செல்கின்றன. தேர்ந்த கண் அந்த ரோஸ் நிறத்தை நாலடி தூரத்திலிருந்தே அறிந்துகொள்ளும்.

இதனினும் கொடியது புளியோடு உப்பைச் சேர்த்துத் தேய்க்கும் வழக்கம். உப்பிலுள்ள குளோரைடு, செம்பின் நுண்துளைகளில் புகுந்து செம்பு குளோரைடாக ஒளிந்துகொள்கிறது. ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் அது வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, பூக்கும்போதே அமிலத்தையும் உண்டாக்கி, அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்ன, மீண்டும் பொடி பூக்க, இவ்வாறு ஒரு சங்கிலியாகத் தொடர்ந்து காசையே அரித்துவிடுகிறது. ஆங்கிலேயர் இதை வெண்கல நோய் என்று வழங்கினார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மலையெங்கும் மஞ்சு இறங்கி, துவைத்த துணி ஒரு வாரமானாலும் உலராத சித்திரபுரத்தில், முந்தைய மாசியில் புளியும் உப்பும் இட்டுத் துலக்கிப் பெருமையோடு எடுத்து வைத்த செப்புச் சக்கரத்தை ஆடியில் திறந்து பார்த்தால், சங்கின் இடுக்கில் கடுகளவு பச்சைப் பொடி திரண்டு, ஊசிமுனை பட்டதும் உதிர்ந்து, அதனடியில் குழி தெரியும். கெட்டியாக, வழுவழுப்பாக, கரும்பச்சையாகப் படிந்த பழங்களிம்பு அவ்வளவு அபாயமானதல்ல. உதிர்கின்ற வெளிர்பச்சையே நோய். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வது செம்புக் காசு சேகரிப்பவருக்கு இன்றியமையாத அப்பியாசம்.

இனித் தரக் கணக்குக்கு வருவோம். உலகெங்கும் இன்று வழங்குகின்ற 1 முதல் 70 வரையிலான அளவுகோல், வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டின் பழைய பெருஞ்செப்புக் காசுகளைப் பற்றி 1949-இல் வெளியிட்ட நூலில் வகுத்தது. தரத்தின் எண் பெருகப் பெருக விலையும் அதே விகிதத்தில் பெருகவேண்டும் என்பது அவருடைய மூலக் கருத்தாக இருந்தது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க ஸ்தாபனங்கள் தோன்றி, காசைப் பரிசோதித்து, எண்ணிட்டு, கடினமான பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் வழக்கத்தை நிலைநாட்டின. இந்த ஸ்தாபனங்கள் தகாத முறையில் துலக்கப்பட்ட காசுக்கு எண் கொடுப்பதில்லை. காசின் தேய்மானத்தை மட்டும் ‘எக்ஸ்ட்ரா பைன் டீடெய்ல்ஸ்’ என்பதுபோல் வார்த்தையால் எழுதி, பக்கத்திலேயே ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்பையும் பொறித்துவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு உறையின்மேல் நிரந்தரமாக நின்றுவிடுவதால், அதே தேய்மானமுள்ள பழுதற்ற காசோடு அது ஏலத்தில் ஒருபோதும் சமமாக நிற்பதில்லை. நம் நாட்டுச் சந்தையில் வாயால் சொல்லும் பைன், வெரி பைன், எக்ஸ்ட்ரா பைன், அன்சர்க்குலேட்டட் என்ற வரிசையிலும் இதே நியாயந்தான் செல்லுகிறது. எக்ஸ்ட்ரா பைன் காசு ஒன்றைத் துலக்கி அன்சர்க்குலேட்டடாக உயர்த்திவிடலாம் என்று எண்ணுபவர், அதை வெரி பைன் விலைக்கும் விற்க முடியாத நிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். சங்கின் முகட்டில் போன உலோகம் போயிற்று. வெளியிலிருந்த லஸ்டரும் அதோடு கூடப் போயிற்று. தரம் இரண்டு பக்கமும் இறங்குகிறது.

மண்ணிலிருந்து வந்த புராதனக் காசுகளுக்கு இந்தக் கண்டிப்பு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆண்டுகள் புதைந்துகிடந்த காசு எதுவும் ஏதோ ஒரு வகைச் சுத்தம் செய்யப்படாமல் படிக்கத் தக்கதாவதில்லை. ஆகவே என்.ஜி.சி. ஸ்தாபனம் புராதனக் காசுகளுக்குத் தேய்மானத் தரத்தோடு, அச்சு விழுந்த நேர்த்திக்கு 5-க்கு எத்தனை, மேற்பரப்புக்கு 5-க்கு எத்தனை என்று தனித்தனி எண் கொடுக்கிறது. கரடுமுரடாகத் துலக்கிய காசு மேற்பரப்பு எண்ணில் தண்டனை பெறும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து வந்த சேரர் காசுகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். மாக்கோதை, கொல்லிப்புறை, பெருவழுதி என்ற பெயர்களைச் சங்ககாலக் காசுகளில் படித்தறிந்து உலகுக்குச் சொன்ன தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோரின் ஆராய்ச்சி, மண்ணும் பொருக்கும் நீங்கித் தமிழ்ப் பிராமி எழுத்து தெளிவாகத் தென்பட்டால் அல்லாமல் நடந்திருக்க முடியாது. ஒரு கோடு தேய்ந்தால் ஓர் எழுத்து போகும். ஓர் எழுத்து போனால் ஓர் அரசன் பெயர் போகும். இத்தகைய காசு கிடைத்தால் வீட்டில் பரிசோதனை செய்யாமல், பயிற்சி பெற்ற ரசாயனப் பாதுகாப்பாளரிடம் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய ரசாயனக் கூடமும், அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் வெண்கலப் படிமங்களின் நோயைத் தீர்த்த பணியும், இந்தத் துறையில் நம் நாட்டுக்கு நெடிய பாரம்பரியம் உண்டு என்பதற்குச் சாட்சி.

பாதுகாப்புக்கும் துலக்கலுக்கும் எல்லை எங்கே இருக்கிறது? என் அளவில் நான் கைக்கொள்ளும் விதி இது: காசோடு சேராத அந்நிய வஸ்துவை, காசைத் தொடாமலே நீக்க முடிந்தால் அது பாதுகாப்பு, காசின் சொந்த உலோகத்தையோ அதன் சொந்தப் படலத்தையோ தொட்டால் அது துலக்கல். இவ்விதிப்படி வீட்டில் செய்யத் தக்கவை இரண்டே. முதலாவது, வாலைவடித்த நீரில் காசை ஊறவைத்தல். நீரைத் தினமும் மாற்றி, மண் தானாக நெகிழ்ந்து விழும்வரை பொறுத்திருந்து, எடுத்தபின் தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியின்மேல் வைத்து ஒற்றி உலர்த்த வேண்டும். குழாய் நீரில் குளோரின் உண்டு, அதை உபயோகிக்கலாகாது. இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டுப் பசை, மிருதுவான பிளாஸ்டிக் ஆல்பத்திலிருந்து இறங்கிய பச்சைப் பிசின் ஆகியவற்றுக்குச் சுத்தமான அசிட்டோன். அது உலோகத்தோடு வினை புரிவதில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றுவது, ஆதலால் அடுப்பங்கரையில் திறக்கக் கூடாது. கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்ய வேண்டும். நகப்பூச்சு நீக்கி என்று கடையில் விற்பதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழைய யோசனையைப் பலர் இன்றும் சொல்கிறார்கள். அந்த எண்ணெயில் உள்ள மென்மையான அமிலம் செம்பைத் தின்று நிறம் மாற்றுவதால் நான் அதை ஆதரிப்பதில்லை. வெண்கல நோய்க்கு பென்சோடிரையசோல் முதலிய மருந்துகள் உண்டு என்றாலும், அவை விஷத் தன்மையுள்ளவை, கைதேர்ந்தவருக்கே உரியவை; வீட்டில் செய்யக்கூடியது, நோயுற்ற காசைப் பிற காசுகளிடமிருந்து உடனே பிரித்து உலர்ந்த டப்பாவில் தனியே வைப்பது ஒன்றுதான்.

தோட்டத்தில் மண் வெட்டும்போதோ பழைய சுவர் இடியும்போதோ காசுக் குவியல் கிடைப்பதும் உண்டு. அப்போது, கழுவாமல், பிரிக்காமல், கிடைத்த கலயத்தோடும் மண்ணோடும் அப்படியே வைத்துத் தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ தெரிவிப்பது சட்டத்தின் கட்டளையுமாகும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், கேரளத்தின் 1968-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் இதற்கென்றே உள்ளன. காசின்மேல் ஒட்டிய மண்ணும், காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிய விதமும், அவை எப்போது எப்படிப் புதைக்கப்பட்டன என்று ஆராய்ச்சியாளருக்குச் சொல்லும். 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் 501. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளிக்கீற்று இருந்தது. பழுது என்று எண்ணி யாரேனும் அந்தக் கீற்றுகளை மெருகேற்றி மழுப்பியிருந்தால், அக்காசுகள் வேற்று நாட்டில் நாணயமாகச் செல்லாதபடி வேண்டுமென்றே வெட்டப்பட்டவையா என்று அறிஞர்கள் இன்றளவும் விவாதிக்க ஆதாரம் ஏது? இந்தியாவிலிருந்து நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் புராதனப் பொருட்சட்டம் தடை செய்கிறது. தரச் சான்றுக்காக அனுப்புவதும் அதிலிருந்து விலக்கல்ல என்பதை ஏலத்தில் ஆசை கொண்டவர் நினைவில் வைக்கவேண்டும்.

காசை வைப்பதில் சித்திரபுரத்துக்கு உரிய ஜாக்கிரதைகள் சில. மிருதுவான பி.வி.சி. ஆல்பங்களை ஒழித்துவிட்டு, பாலியெஸ்டர் உறைகளை வாங்குங்கள். மிருதுவான பிளாஸ்டிக்கின் வாசனை கடுமையாக இருந்தால் அதுவே அடையாளம். காசுகளை அடுக்கி ரப்பர் வளையம் போடுவதும், செய்தித்தாளில் பொதிவதும் வெள்ளிக்குக் கந்தகத்தை ஊட்டுவதற்கு ஒப்பாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பை ஒன்றை இட்டு, அது நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் இடவேண்டும். மழைக்காலத்தில் மாதமொருமுறையேனும் பார்க்காவிட்டால் பை நனைந்து பிரயோசனமற்றுப் போகும். அடுப்பங்கரைப் பரணில் வைக்காதீர்கள். காசை விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரல் ரேகை ஒரு பருவத்துக்குள் செம்பில் நிரந்தர முத்திரையாக விழுந்துவிடும்.

ஏற்கெனவே பாட்டியோ தந்தையோ துலக்கிவிட்ட காசு உங்களிடம் இருந்தால், அதற்காக மனம் வருந்தவேண்டாம். அதை மறைக்கவும் வேண்டாம். வேகவைத்த முட்டை மஞ்சளின் கந்தகத்தாலோ புகையாலோ போலி நிறம் ஏற்றி அழகுபடுத்த முயல்வது, துலக்கியதினும் பெரிய குற்றம். தரம் குறிப்போர் அதற்கும் தனிக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். இயற்கை நிறம் உள்ளொளியோடு வெளியில் ஆழ்ந்து, எழுத்தைச் சுற்றி மெல்லப் படர்ந்திருக்கும். செயற்கை நிறமோ உலோகத்தின்மேல் மிதப்பதுபோலத் தோன்றி, கீறல்களின் உள்ளேயும் புகுந்து நிறைந்திருக்கும். துலக்கிய காசை நல்ல உறையில் இட்டு, வறண்ட இடத்தில் சும்மா விட்டுவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல வெள்ளி தானே மெல்லிய சாம்பல் நிறம் கொள்ளும். கீறல்கள் போகா, ஆனால் கண்ணைக் குத்தும் வெண்மை தணியும். காசுமாலையிலிருந்து கழற்றியதாகவோ துளையிட்டு அடைத்ததாகவோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேகரக் குறிப்பேட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி ஒதுக்கி, ஆட்சியாளர், ஆண்டு, மதிப்பு, எடை, எந்த வீட்டிலிருந்து எப்போது கிடைத்தது என்பவற்றோடு, மேற்பரப்பின் நிலையையும் ‘இயல்பானது’, ‘பழைய துலக்கம்’, ‘அண்மைத் துலக்கம்’, ‘களிம்பு, உதிர்கிறது’ என்று உண்மைப்படி எழுதி வைக்கவேண்டும். விற்கும் காலம் வந்தால் அந்த வரியை அப்படியே வாங்குபவருக்குப் படித்துக் காட்டி, லென்ஸையும் விளக்கையும் அவர் கையிலேயே கொடுத்து, காசைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போது எதிரில் இருப்பவரிடமும் இதே வரியைக் கேளுங்கள். துலக்கம் உண்டா என்று கேட்டதும் பேச்சை மாற்றுகின்ற விற்பனையாளரிடம் விலை எவ்வளவு சகாயமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.